வீணையை விற்கலாமா?

நமது குடும்பங்களில் உபயோகமில்லாத சாமான்கள் எத்தனையோ உண்டு. கால் ஒடிந்த நாற்காலி, மூடி தொலைந்த அண்டா, எந்நேரமும் நாலேகால் மணி காட்டும் கடிகாரம் ஆகியவற்றை விற்பதா வைத்துக்கொள்வதா என்று எவரும் இராத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. தெருவில் பழைய சாமான்காரர் குரல் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால், உள்ளறை மூலையில் பழைய புடவை போர்த்திக் கிடக்கும் வீணை ஒன்று இருக்குமானால், விஷயம் அவ்வளவு சுலபமாய்த் தீர்வதில்லை. வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன.

"முப்பது வருஷமாக எவரும் தொடவில்லை. நாலு அடி நீளத்துக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. யாருக்காவது கொடுத்தால் கிடைத்த வரையில் லாபம்" என்பது ஒரு கட்சி. "வீணையை விற்பதும் ஸரஸ்வதியை விற்பதும் ஒன்றுதான். நாம் இருக்கும் வரையில் இந்தப் பேச்சு வேண்டாம்" என்பது மற்றொரு கட்சி. முதற் கட்சியில் பெரும்பாலும் பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும் இருப்பார்கள். இரண்டாவதில் பெரியவர்கள் இருப்பார்கள். பழைய வீட்டை இடித்து அடுக்கு மாடி கட்டும்போதோ, பெரியவர் ஒருவர் காலமாகிச் சொத்துக்களைப் பிரிக்கும்போதோ வழக்கு முற்றிவிடுகிறது. இரண்டு கட்சிகளுக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை உண்டு. இரு சாராரும் போர்வையை நீக்கி வீணையைப் பார்ப்பதில்லை. அது யாருடையதோ அந்த ஸ்திரீயைக் கேட்பதுமில்லை. இவ்விரண்டையும் செய்துவிட்டுப் பிறகு தீர்மானிக்கலாமே என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

வீணை வீட்டுக்கு வந்த கதை

இன்று நாம் காணும் தஞ்சாவூர் வீணை இருபத்துநான்கு மெட்டுக்களுடன் அமைந்தது. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிகளுக்கு நிலையான மெட்டுக்கள் வைக்கும் இந்த முறை, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் ஏற்பட்டதென்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அதன் பின்னர் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் வரையில் வீணை பெரும்பாலும் வித்வான்களின் வீடுகளிலும், சமஸ்தானங்களிலும், பரம்பரையாகச் சங்கீதத்தைக் காத்துவந்த இசை வேளாளர் குடும்பங்களிலும் இருந்தது. 1835-இல் எட்டயபுரத்தில் காலமான முத்துஸ்வாமி தீக்ஷிதர் சிறந்த வைணிகர். 1938-இல் காலமான வீணை தனம்மாள் சென்னையில் தமது இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்க வித்வான்களும் ரஸிகர்களும் மௌனமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பது பிரசித்தம். வீணையின் நாதம் சிறியது. அதைக் கேட்பதற்கு ஒரு கூடமும் அடக்கமான சில மனிதர்களும் போதும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த நிலைமை மாறியது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் சங்கீதம் கற்பது கௌரவமான காரியமாயிற்று. சென்னை மியூஸிக் அகாடமி 1928-இலும், கலாக்ஷேத்திரம் 1936-இலும், தமிழ் இசைச் சங்கம் 1943-இலும் தோன்றின. நாளடைவில், "பெண்ணுக்குப் பாடத் தெரியுமா? வாத்தியம் ஏதாவது உண்டா?" என்பது பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்றாகிவிட்டது. எனவே தகப்பனார்கள் கடன் பட்டாவது வீணை வாங்கினார்கள். பாட்டு வாத்தியார் வாரம் இரண்டு நாள் வந்தார். ஸரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் எல்லாம் கடந்து வர்ணம் வரும் தறுவாயில் கல்யாணம் நிச்சயமாயிற்று. வீணையும் வெள்ளிப் பாத்திரங்களோடு புக்ககம் போயிற்று.

பிறகு என்ன நடந்தது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் அடுப்பு, பகலில் குழந்தைகள், மாலையில் விருந்தாளிகள், இரவில் மறுநாளைக்கு ஊற வைக்க வேண்டிய அரிசி. வீணை வாசிக்கிறவளுக்கு இடது கை விரல் நுனிகளில் தந்தி பட்டுப் பட்டு ஒரு காய்ப்பு ஏறியிருக்கும். சில மாத காலம் வாசிக்காமல் இருந்தால் அது மறைந்துவிடும். விரல் மறுபடி மென்மையாகிவிட்டால், மறுபடியும் தந்தியைத் தொடும்போது வலிக்கும். வலியைப் பொறுத்து மீண்டும் பழகுவதற்குத் தினம் ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரந்தான் நமது வீடுகளில் பெண்களுக்குக் கிடைக்காத பொருளாயிருந்தது. வாத்தியம் மௌனமானதற்கு அவர்களுடைய சிரத்தைக் குறைவைக் காரணமாகச் சொல்வது பெரிய அநியாயம்.

யாருடைய வீணை?

ஆகையால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன விலை போகும்?" என்பதல்ல; "யாருடையது?" என்பதே. பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த பொருள் ஸ்திரீதனம். அதில் கணவனுக்கோ மாமனாருக்கோ பாத்தியதை கிடையாது. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பதினான்காவது பிரிவு, ஹிந்து ஸ்திரீ தன் வசம் உள்ள சொத்துக்குப் பூரண உரிமையுடையவள் என்று சொல்கிறது. ஸ்திரீதனம் மனைவிக்கே முழுச் சொந்தம், கணவனும் அவனைச் சேர்ந்தவர்களும் அதைக் காத்துவைப்பவர்களே என்று 1985-இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்திருக்கிறது. நகை விஷயத்தில் இதை ஒப்புக்கொள்கிறவர்கள்கூட, வீணை விஷயத்தில் மறந்துபோகிறார்கள். கூடத்து மேஜை நாற்காலியைப் போல அதுவும் குடும்பத்தின் பொதுச் சாமான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நமது பெரியம்மாவின் வீணை இவ்விதமாகத்தான் ஒரு கோடை விடுமுறையில் விவாதத்துக்கு வந்தது. பெரியம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. மூத்த பிள்ளை வீடு மாற்ற வேண்டியிருந்தது. புது வீட்டில் அறைகள் சிறியவை. இளைய பிள்ளை, "அம்மா இருக்கும்வரை அதைத் தொடக்கூடாது; அவள் மனசு உடைந்துபோகும்" என்று பிடிவாதமாயிருந்தான். இரண்டு பேரும் தனித்தனியே நம்மிடம் வந்து தத்தம் நியாயத்தைச் சொன்னார்கள். பள்ளிக்கூட வாத்தியாரிடம் வழக்கைக் கொண்டுவந்தால் கேள்வி கேட்பதுதானே அவர் தொழில்? "பெரியம்மா என்ன சொல்லுகிறாள்?" என்று கேட்டோம். இருவருமே விழித்தார்கள்.

அன்று சாயங்காலம் பெரியம்மாவிடமே போய்க் கேட்டோம். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்:

"கொடுத்துவிடலாம் அப்பா. நாற்பது வருஷமாக இவர்கள் அதை எனக்காக என்று பத்திரமாய் வைத்திருக்கிறார்கள். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம், 'பாதியில் விட்டாயே' என்று அது கேட்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் ஒன்று. கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்கு வேண்டாம். வாசிக்கிற கை எதுவோ அதற்குக் கொடு. பணம் குறைந்தால் குறையட்டும்."

பிறகு சற்று யோசித்து, "கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை மேளம் கட்டிவிடு. ஊமையாகக் கொடுக்கக் கூடாது" என்றாள்.

மனசு உடைந்துபோகும் என்று எதிர்பார்த்த இளைய பிள்ளைக்கு இது பெரிய ஆச்சரியம். வைத்திருப்பதுதான் மரியாதை என்று அவன் நம்பியிருந்தான். அந்த மரியாதை அவளுக்கு ஒரு பாரமாயிருக்கும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. எல்லாத் தாய்மாரும் இப்படியே சொல்வார்கள் என்று நாம் கூறவில்லை. "என் கண் மூடும் வரையில் அது என் பக்கத்திலேயே இருக்கட்டும்" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால் வழக்கு அத்துடன் முடிந்தது. எந்தப் பதிலானாலும் அது உரியவர் வாயிலிருந்து வரவேண்டும்.

போர்வையை நீக்கினால்

இரண்டாவது காரியம், வீணையைப் பார்ப்பது. தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆனது. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் குடைந்து செய்திருந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்திருந்தால் ஒட்டு வீணை. முன்னதற்கு மதிப்பு அதிகம். தண்டியின் மேல், மெழுகையும் கரிப்பொடியையும் கலந்து செய்த கறுப்பு மேட்டில் மெட்டுக்கள் பதித்திருக்கும். நாலு தந்திகள் வாசிப்புக்கு. அவை சாரணி, பஞ்சமம், மந்தரம், அநுமந்தரம். பக்கத்தில் உள்ள மூன்று தந்திகள் தாளத்துக்கு. இந்தத் தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வெகுகாலம் சும்மா கிடந்த வீணையைக் கண்டு, "இது தீர்ந்துபோயிற்று" என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறு. எது போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது விஷயம். தந்தி துருப்பிடித்திருந்தால் அது ஒரு குறையே அல்ல. புதுத் தந்தி போட்டுக்கொள்ளலாம். சுரைக்காய் உடைந்திருந்தால் வேறு மாட்டலாம். பிரடை வழுக்கினால் சரி செய்யலாம். மெழுகு உலர்ந்து வெடித்தோ, வெயிலில் இளகியோ மெட்டுக்கள் இடம் பெயர்ந்திருந்தால், பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்ட வேண்டும். தினம் வாசிக்கும் வித்வான்களே சில காலத்துக்கு ஒரு முறை இதைச் செய்துகொள்வது வழக்கம். ஆனால் குடத்தில் நீளமாக வெடிப்புக் கண்டிருந்தாலும், தண்டி வளைந்திருந்தாலும், மரத்தை உளுத்துப் பூச்சி அரித்து மாவு உதிர்ந்தாலும் விஷயம் கடினம். மேளம் கட்டத் தெரிந்த ஓர் ஆசாரியிடமோ, வீணை கற்பிக்கும் ஆசிரியையிடமோ காட்டினால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். விற்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் இந்த அரை மணி நேரத்தைச் செலவிடாமல் முடிவு செய்வது, நோயாளியைப் பாராமலே மருந்து எழுதுவதற்குச் சமானம்.

இங்கே மற்றொரு நம்பிக்கையையும் கவனிக்க வேண்டும். "பழைய வாத்தியம், ஆகவே பெரு விலை போகும்" என்று சிலர் கனவு காண்கிறார்கள். நல்ல மரமும் நல்ல ஆசாரியின் கையும் சேர்ந்த பழைய வீணைக்கு அருமையான நாதம் உண்டு என்பது மெய்யே. ஆனால் வயது ஒன்று மட்டுமே நாதத்தைத் தராது. மேனாட்டில் 1737-இல் காலமான ஸ்டிராடிவாரி செய்த பிடில்களுக்கு உள்ள பெயர் உலகம் அறிந்தது. 2010-இல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் ஒரு சோதனை நடத்தினார்கள். தேர்ந்த பிடில் வித்வான்கள் இருபத்தோரு பேருக்குக் கண் பார்வையை மறைத்து, பழைய பிடில் மூன்று, புதிய பிடில் மூன்று ஆக ஆறு பிடில்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பழையவற்றில் இரண்டு ஸ்டிராடிவாரியின் கைவேலை. பெரும்பாலோர் தமக்குப் பிடித்ததாக எடுத்துக்கொண்டது புதிய பிடிலையே! எனவே பழமைக்காக மட்டும் ஒருவர் விலை கொடுத்தால், அவர் காதால் வாங்கவில்லை, கண்ணால் வாங்குகிறார் என்றே அர்த்தம். வரவேற்பறை அலங்காரத்துக்காக வீணை தேடுகிறவர்கள் சிலர் நல்ல விலை தருவதாகச் சொல்வதன் ரகசியம் இதுதான்.

சட்டம் குறுக்கிடும் இடம்

அலங்காரம் என்று சொன்னோம். பழைய வீணைகள் பலவற்றில் குடத்தின் விளிம்பிலும் தண்டியின் ஓரத்திலும் வெள்ளையாக ஒரு வேலைப்பாடு காணப்படும். இக்காலத்து வீணைகளில் அது பிளாஸ்டிக். அக்காலத்து வீணைகளில் மான் கொம்பாகவோ யானைத் தந்தமாகவோ இருக்கக்கூடும். தந்தமானால் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986-இல் செய்த திருத்தம் நம் நாட்டு யானைத் தந்த வியாபாரத்தைத் தடுத்தது. 1991-இல் செய்த திருத்தம் வெளிநாட்டிலிருந்து வந்த தந்தத்தின் வியாபாரத்தையும் தடுத்துவிட்டது. பாட்டனார் காலத்துப் பொருள் என்பதனால் விற்கும் உரிமை வந்துவிடாது. தந்தம் என்று சந்தேகம் தோன்றினால் முதலில் வனத்துறை அலுவலகத்தில் விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

அதைப் போலவே, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. கடல் கடந்து வாழும் பேத்திக்குப் பாட்டியின் பாட்டி வாசித்த வீணையைக் கப்பலில் ஏற்றிவிடலாம் என்று எண்ணுகிறவர்கள், வீணையின் வயதை முன்னதாக விசாரித்துத் தெரிந்துகொள்வது நலம்.

நான்கு வழிகள்

உரியவரைக் கேட்டாயிற்று, வீணையையும் பார்த்தாயிற்று. இனி நமக்கு முன்னால் இருப்பவை நான்கு வழிகள்.

முதலாவது, வைத்துக்கொள்வது. வைத்துக்கொள்வதென்றால் வீணைக்குரிய விதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பரணில் போடக் கூடாது. சித்திரை மாதத்து வெப்பத்தில் அங்கே மெழுகு இளகிவிடும். மழைக்காலத்தில் ஈரச் சுவரோரமும் ஆகாது. வாசிக்காத நாட்களில் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது வீட்டில் யாராவது சுருதி கூட்டி மீட்டினால்தான், வைத்துக்கொள்கிறோம் என்று சொல்வதற்கு நியாயம் உண்டு.

இரண்டாவது, விற்பது. விற்பதில் இழிவு ஏதுமில்லை. வீணையை ஆசாரி விற்றுத்தானே நம் பாட்டனார் வாங்கினார்? ஆனால் பழைய சாமான் கடையை நாடுவதற்கு முன்னர், ஊரில் உள்ள வீணை ஆசிரியைகளைக் கேட்கலாம். புது வீணை வாங்க வசதியில்லாமல் ஆசையை அடக்கிக்கொண்டிருக்கும் மாணவிகளை அவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது, இரவல் கொடுப்பது. பாசம் விடவில்லை, வாசிக்கவும் ஆளில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. கற்கும் மாணவிக்கு இரண்டு மூன்று வருஷத் தவணை வைத்து, தந்திச் செலவும் மேளம் கட்டும் செலவும் யாருடையது என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் மனஸ்தாபம் வராது.

நான்காவது, தானம். அரசாங்க இசைக் கல்லூரிகளும் இசைப் பள்ளிகளும் இருக்கின்றன. கொடுப்பதற்கு முன்னால் அவர்களுக்கு வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது அவசியம். மேளம் கட்டாத வீணையைக் கொண்டுபோய்ப் போட்டால், நம் வீட்டு மூலையிலிருந்து அவர்கள் வீட்டு மூலைக்கு மாற்றினதாகவே ஆகும். பெரிய வித்வான் ஒருவர் வாசித்த வீணை, அபூர்வ வேலைப்பாடு கொண்ட வீணை ஆகியவற்றுக்குத்தான் மியூஸியம் ஏற்ற இடம். மற்றவற்றுக்கு ஏற்ற இடம் ஒரு சிறுமியின் மடி.

பெரியம்மாவின் வீணை இரண்டாவது வழியில் போயிற்று. ஆசாரி வந்து பார்த்து, குடம் நன்றாயிருக்கிறது என்று சொல்லி, புதிதாக மேளம் கட்டிக் கொடுத்தார். பக்கத்து ஊரில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகள், ஆசிரியையின் வீட்டு வீணையில் மட்டுமே பழகிக்கொண்டிருந்தவள், அதை வாங்கிக்கொண்டாள். பெரியம்மா வாங்கிக்கொண்ட விலை, மேளம் கட்டிய கூலி மட்டுந்தான். "இனாமாகக் கொடுத்தால் இரவல் என்று நினைப்பாள், விலை கொடுத்தால் தன்னுடையது என்று வாசிப்பாள்" என்பது அவள் சொன்ன காரணம். அலங்காரத்துக்குக் கேட்டவர் தருவதாகச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டால் இது நஷ்டக் கணக்கு. மூத்த பிள்ளை அதை இரண்டொரு தடவை சுட்டிக் காட்டவும் செய்தான். "என் வீணை அப்பா" என்று பெரியம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, விற்கலாமா கூடாதா என்று ஒரே வாக்கியத்தில் பதில் எதிர்பார்க்கும் நேயர்களுக்கு ஏமாற்றமாயிருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். ஸரஸ்வதி பூஜையன்று புஸ்தகத்தையும் வாத்தியத்தையும் பூஜையில் வைத்துவிட்டுத் தொடாமலிருப்பது நம் நாட்டு வழக்கம். மறுநாள் விஜயதசமியன்று அவற்றை எடுத்துப் படிக்க வேண்டும், வாசிக்க வேண்டும் என்பதும் அதே வழக்கத்தின் மறு பாதி. எத்தனையோ வீடுகளில் வீணை முதற் பாதியிலேயே வருஷக் கணக்காக நின்றுபோயிருக்கிறது. அதற்கு ஒரு விஜயதசமி வர வேண்டும். அது நம் வீட்டில் வந்தாலும் சரி, அடுத்த தெருவில் வந்தாலும் சரி.